ஆகாய வாய்க்காலில் படுத்த எருமை

1

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஏழு பேரை. ஆறு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். அவர்களுக்கு முன்பே, தாயை இழந்து என் இடுப்பில் ஏறியவன் என் தம்பி செல்லத்துரை. ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவரும் பிறத்தியார் வாசல் படலையில் நின்று கை நீட்டியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் விழும். எழுதுகிறவளுக்கு அவசரம் இல்லை. வாசிக்கிறவர்களும் ஆறுதலாக வாசிக்கலாம்.

இந்த மாசியோடு நான் இலங்கையில் கண்டாவளையை விட்டு இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம். கடைக்குட்டி தவமணி பிள்ளை பெற்ற கையோடு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மருமகனுக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் வேலை. பகல் இரவு தெரியாது. ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளை ரவிக்கு இப்போது ஐந்து வயது. நான் தமிழில் கேட்பேன். அவன் இங்கிலீசில் பதில் சொல்வான். "சாப்பிட வா" என்றால் அவன் ஏதோ சொல்கிறான். அவன் வந்து மேசையடிக் கதிரையில் ஏறினால் 'ஓம்' என்றிருக்கிறான், வராவிட்டால் 'மாட்டேன்' என்றிருக்கிறான். இப்படித்தான் எங்கள் குடித்தனம் நடக்கிறது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் குளிரைக் கேட்கிறார்கள், பனியைக் கேட்கிறார்கள், இங்கே மரக்கறி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் பதில் எழுதி அலுத்துவிட்டது. தவமணி என்ன வேலை செய்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் இங்கே ஒரு துரை குடையோடு வீட்டுக்கு வந்து அதைத்தான் கேட்டார். அந்தக் கதையை எழுதுகிறேன்.

2

தவமணி கணக்குப் படித்தவள். ஊரில் கணக்குப் படித்தவளுக்கு வாத்தியார் வேலை கிடைக்கும். இங்கே ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் என்ற மெஷினுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவாள். வேறு பெண்கள் அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை குத்துவார்களாம். அட்டைக் கட்டை மெஷின் விழுங்கி, மறுநாள் அகலத் தாளில் பதிலைக் கக்குமாம். பிழையாகக் குத்திய அட்டைகள் சில எங்கள் சமையல் குசினிக்கு வரும். கடைக்குப் போகும்போது சாமான் எழுத உதவும். நான் ஒன்றை யன்னலில் பிடித்து ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். எதிர் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. கணக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு எதையும் கிண்டிக் கேட்கும் குணம். ஊரில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று அறிய வேண்டுமானால் வரம்பில் ஏறி நின்று பார்த்தால் போதும். இங்கே அது நடக்காது. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன்.

"அது என்ன கணக்குப் பிள்ளை, வருசக்கணக்காய் முடியாமல் கிடக்குது?"

"ஆகாயத்தில ஒரு செய்மதியை ஏத்தப் போயினம் அம்மா. மனிசர் செய்த சின்னச் சந்திரன் எண்டு வையுங்கோவன். கப்பலில இருக்கிற பட்டாளத்தார், பாலைவனத்தில இருக்கிற பட்டாளத்தார் எல்லாரும் அதுக்குள்ளால ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க வேணும். கீழயிருந்து போற கதையை அது வாங்கி, பெலப்பிச்சுத் திரும்பக் கீழ அனுப்பும்."

"சண்டைக்கோ?"

"சண்டை வந்தா. வராட்டிலும் அவை கதைக்கத்தானே வேணும்."

"அதுக்கு நீ ஏன் கணக்கு எழுதிச் சாகிறாய்? ஏத்திவிட்டுக் கதைச்சுப் பாக்கிறதுதானே."

"ஏத்தினாப் பிறகு இறக்க ஏலாது. பிழையாப் போச்சுதெண்டால் மேலயே கிடந்து சுத்தும். அதுதான் மெஷினுக்குள்ள முதல்ல பொய்யா ஏத்தி, பொய்யாக் கதைக்க விட்டு, எங்க பிழைக்குதெண்டு பாக்கிறம்."

சிறு பிள்ளைகள் மண்ணில் சோறு காய்ச்சி விளையாடுவது போல என்று நினைத்தேன். ஆனால் இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பெரிய பெரிய மனிதர்கள் காத்திருந்து அந்த மண்சோறு வெந்ததா என்று பார்க்கிறார்கள்.

"எங்க பிழைக்குது?" என்று கேட்டேன்.

அவள் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். அந்த வேலையில் எல்லாவற்றையும் வெளியில் சொல்லக் கூடாதாம். ஆகவே சுற்றி வளைத்துச் சொன்னாள்.

"எங்கட வாய்க்காலை நினையுங்கோ. செய்மதியில இருக்கிற பெலன் கொஞ்சம். கதைக்கிற எல்லாரும் அதைப் பங்கு போட வேணும். பெலத்துக் கதைக்கிறவனுக்குப் பெரிய பங்கு போகும். மெல்லமாக் கதைக்கிறவன்ர பங்கு வத்திப் போகும்."

அவ்வளவு உயரத்துக்கு ஏறிப் போன பிறகும் தலைப்பு வயல், கடைக்கோடி வயல் என்று உண்டோ! அன்றைக்குக் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

3

பிறகு அவள் வேலையால் வந்ததும் நான் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவளும் வாய்க்கால் கணக்கில் பதில் சொல்வாள். ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"அம்மா, உங்கட தம்பியை மெஷினுக்குள்ள விட்டிருக்கிறன்."

"ஆரை? செல்லத்துரையையோ?"

"ஓம். கதைக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேர் வைக்க வேணும். நான் கண்டாவளைப் பேராய் வைச்சன். பெரிய கப்பலில இருக்கிற பெலத்த ரேடியோ செற் செல்லத்துரை மாமா. முதுகில காவிக்கொண்டு திரியிற சின்ன செற் அன்னம்மா மாமி."

அன்னம்மா எங்கள் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் செய்த விதவை. அவளுக்கும் செல்லத்துரைக்கும் நடந்ததை எங்கள் பகுதியில் அறியாதவர்கள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"என்ர தம்பியை ஏன் அதுக்குள்ள போட்டனி? வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

"பட்டாளத்தார் சொன்ன அளவுக்கு மேல பெலப்பிச்சுக் கதைக்க மாட்டினம், கட்டளைக்குக் கீழ்ப்படிவினம் எண்டு இவை சொல்லினம். எனக்கு நம்பிக்கை இல்லை. தன்ர கதை கேக்குதில்லையெண்டால் எந்த மனிசனும் செற்றைக் கொஞ்சம் கூட்டித்தான் விடுவான். அதைப் பாத்துப் பக்கத்தில இருக்கிறவனும் கூட்டுவான். அதை எழுதேக்க எனக்கு மாமான்ர முகம்தான் வந்தது. நான் என்ன செய்ய?"

கோபம் இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. யார் எப்போது வாய் திறப்பது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? மெஷினே சோழி எறிந்து பார்க்கும் என்றாள்.

"மெஷினுக்கு ஏது கை?"

"கணக்கால எறியும் அம்மா. ஒரு இலக்கத்தில தொடங்கி, பெருக்கி, நறுக்கி, அடுத்த இலக்கத்தை எடுக்கும். பாக்கிறதுக்கு ஒழுங்கே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா திரும்பவும் அதே இலக்கத்தில தொடங்கினா அதே சோழிதான் விழும்."

"அப்ப அது சோழி இல்லைப் பிள்ளை. விதி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இன்னொன்று சொன்னாள். அதே விதியை வைத்துக்கொண்டு ஒரே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்களாம். அதே வெயில், அதே மழை, அதே ஆட்கள்; செல்லத்துரை மட்டும் ஒழுங்காக இருக்கிறான். அப்போது அன்னம்மாவுக்குத் தண்ணீர் போகிறதா? இதைக் கேட்டதும் அரிசி களைவதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். ஊரில் ஒரு போகம் ஒரு தடவைதான் வரும். அவன் அப்படிச் செய்யாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சண்டை பிடிக்கலாம், சத்தியம் பண்ணலாம், பார்க்க முடியாது. இவர்கள் பார்க்கிறார்கள்.

அதிலிருந்து என் கேள்வி ஒன்றே ஒன்றாகிவிட்டது.

"இண்டைக்கு அன்னம்மாவுக்குத் தண்ணி போச்சோ?"

"பாதி வாய்க்கால் வரைக்கும் வந்தது அம்மா." அல்லது, "இண்டைக்கு மாமா விடேல்லை."

4

இந்தக் குளிர் தொடங்கியபோது தவமணியின் முகம் மாறியது. வேளைக்கே வீட்டுக்கு வந்தாள். பென்சிலைத் தொடவில்லை. மருமகனும் அவளும் தணிந்த குரலில் இங்கிலீசில் கதைத்தார்கள். இந்த வீட்டில் தமிழைக் கைவிட்டால் எனக்குத் தெரியக் கூடாத சங்கதி என்று அர்த்தம். நான் நேரே கேட்டேன்.

"என்னை மெஷின் அறைக்குள்ள விடீனமில்லை அம்மா," என்றாள். "கடலில பட்டாளத்தார் இரவல் வாங்கின செய்மதியும் உண்மைச் செற்றுகளும் வைச்சு ஒரு பரீட்சை நடத்தியிருக்கினம். அது இரகசியம், எங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதில ஆக்கள் செற்றைக் கூட்டிக் கூட்டி எல்லாற்ற கதையும் அடிபட்டுப் போச்சுதாம். என்ர கணக்கில வந்த மாதிரியே. இப்ப என்னட்டைக் கேக்கினம், உனக்கு ஆர் உள்ளுக்கயிருந்து சொன்னது எண்டு."

"ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்லன்."

"சொன்னன். அப்ப எப்பிடித் தெரியும் எண்டினம். கண்டாவளை வாய்க்காலில பாத்தனான் எண்டன். விசாரிக்கிற துரை பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். தாளில கிடக்கிற இந்தப் பேர்க்காரர் எல்லாம் ஆர் எண்டு கேட்டார்."

"வேலை போகுமோ?"

"வேலை போனா வேற வேலை தேடலாம். இரகசியத்தைக் களவாக் கேட்டவள் எண்டு ஒரு பேர் நிண்டுதெண்டால் ஒருத்தரும் கிட்ட எடுக்க மாட்டினம். இவருக்கும் ஆஸ்பத்திரியில கரைச்சல் வரும்." பிறகு மெல்லச் சொன்னாள்: "உங்களையும் வந்து கேப்பினம் அம்மா. உள்ளதைச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை அந்தத் துரை வந்தார். உயரமான மனிதர். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் வாங்கி வாளிக்குள் வைத்தேன். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழரும் வந்தார். தவமணி ஒரு சொல்லும் என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளையும் ரவியையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தமிழர் தஞ்சாவூர்ப் பக்கத்தவராம். மரியாதையான பிள்ளை. துரை கேட்ட முதல் கேள்விக்கு நான் "ஓம்" என்றேன். அந்தப் பிள்ளை மேலே என்ன மந்திரம் வரப்போகிறது என்று காத்திருந்தார். பிறகுதான் அது எங்கள் 'ஆமாம்' என்று விளங்கியது. பிறந்த திகதி கேட்டார்கள். பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருடம் என்றேன். துரை ஒன்றும் எழுதவில்லை.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டிருந்தார்மா?"

"வட்டவிதானையார். குளத்துத் தண்ணியைப் பங்கிட்டுக் குடுக்கிற பொறுப்பு அவருக்கு."

"அந்த வாய்க்கால்ல பங்குக்கு மேல தண்ணி எடுத்தவங்க உண்டா?"

என் நாக்கில் எது இருந்ததோ தெரியாது. இறந்துபோன என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு கரையில் நடந்து வருவது தெரிந்தது. பிற நாட்டுத் துரை ஒருவர் என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு கேட்கிறார். நான் நிமிர்ந்து இருந்தேன்.

"எங்கட பகுதியில அப்பிடி ஒருத்தரும் இல்லை. மானமுள்ள சனம்."

தமிழர் சொன்னார். துரை எழுதினார்.

"செல்லத்துரைங்கறது யாரும்மா?"

"என்ர தம்பி. வயல் செய்யிறவன். நல்ல பிள்ளை."

துரை பேனையை மூடினார். ஏதோ சுருக்கமாகச் சொன்னார். தமிழர் உடனே மொழிபெயர்க்கவில்லை. தன் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"அம்மா, உங்க பொண்ணு சொல்றாங்க, அவர் தண்ணி திருடினதைப் பாத்துத்தான் இந்தக் கணக்கு எழுதினேன்னு. நீங்க சொல்றீங்க, ஊர்ல யாருமே திருடலேன்னு. ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது பொய்யின்னு ஆகுதும்மா. நான் இதை அப்படியே விட்டுடவா?"

யன்னலால் பார்த்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில் தவமணி நின்றாள். ரவி மழைத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தடுக்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். ஒருவனைக் கள்ளன் என்று சொல்லாவிட்டால் மற்றவள் கள்ளியாகிறாள்.

"விடாதையும் தம்பி," என்றேன். "எழுதினதை வெட்டச் சொல்லும். தேத்தண்ணி வைக்கிறன். இது ஆறுதலாச் சொல்ல வேண்டிய கதை."

5

அது ஒரு சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவு. கமக்காரர் கூட்டம் போட்டு முறை வைத்தார்கள்: இன்னாருடைய வரம்பில் இந்த நேரம், இவ்வளவு அகலத்துக்குத்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடையைத் திறக்கலாம். யாராவது வக்கடையை அகட்டினால் புது மண் வெட்டு காட்டிக்கொடுக்கும். என் வீட்டுக்காரருக்கு அது போதும்; பிடித்துவிடுவார்.

செல்லத்துரை வக்கடையைத் தொடவில்லை. மத்தியான வெயிலில் தன் எருமைகளை வாய்க்காலுக்குள் இறக்கினான். தன் வக்கடைக்குச் சற்றுக் கீழே அவை வரிசையாகப் படுத்துக்கொண்டன. எருமை படுத்தால் எழும்பாது. இது எல்லோருக்கும் தெரியும். வந்த தண்ணீர் எருமை வயிற்றில் முட்டி ஏறி, அவனுடைய வக்கடைக்குள் தலை நிமிர்ந்து போனது. அவன் மருத மர நிழலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"மச்சான், மாட்டை எழுப்பு."

"வெயிலில எருமை தண்ணியில படுக்கக் கூடாதெண்டு கூட்டத்தில தீர்மானிச்சவையோ அத்தான்? அண்டைக்கு நான் வரேல்லைப் போல."

"எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ?"

"உங்களுக்கோ? எருமைக்குப் படிப்பியுங்கோ. நான் சொன்னா அது கேக்குதில்லை."

கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்தால் வட்டவிதானையார் என்ன செய்வார்? திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வயல்காரன் பார்த்தான். தன் பங்கு குறைகிறது. அவனும் எருமைகளை இறக்கினான். அவனுக்குக் கீழே உள்ளவனும் இறக்கினான். எருமை இல்லாதவர்கள் இரவல் வாங்கி இறக்கினார்கள். வாய்க்கால் நெடுக எருமை முதுகு. ஓட வழியில்லாத தண்ணீர் கரை மட்டத்துக்கு ஏறியது. ஒரு மத்தியானம் கரை உடைந்து, முழுத் தண்ணீரும் பற்றைக்காட்டுக்குள் போய்விட்டது. செல்லத்துரைக்கும் இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை.

மற்றவர்களுக்கு அந்தப் போகம் பாதியாவது கிடைத்தது. கடைக்கோடியில் இருந்த அன்னம்மாவுக்கு ஒரு கதிரும் இல்லை. அவளிடம் எருமையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அவள் காய்ந்த பயிரை வேரோடு ஒரு பிடி பிடுங்கி வந்து எங்கள் படலையில் செருகினாள். திரும்பிப் போய்விட்டாள். படிப்பு விடுதலைக்கு வீட்டுக்கு வந்திருந்த தவமணிதான் அதை எடுத்தாள். எடுத்ததை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

பிறகு எல்லோரும் சேர்ந்து காட்டோரமாக எருமைகளுக்கென்று ஒரு குட்டை வெட்டினார்கள். முதல் மண்வெட்டி போட்டவன் செல்லத்துரை. வெட்கத்தாலோ, எருமைகளில் இரக்கத்தாலோ, நான் கேட்கவில்லை.

இதை நான் சொல்லி முடிக்கும்போது தஞ்சாவூர்த் தமிழர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஊர்லயும் முறைத் தண்ணி உண்டும்மா. ராத்திரியில மடையை வெட்டுவாங்க. எருமையைப் படுக்க வெச்சு நான் கேட்டதே இல்லை!" பிறகு துரைக்கு நெடுநேரம் சொன்னார். கையால் கொம்பு காட்டினார். துரை சிரிக்கவில்லை. ஆனால் பேனையைத் திறந்துவிட்டார். எருமை எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் படுத்திருக்கும் என்று கேட்டார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளி, வரைந்து காட்டச் சொன்னார்.

வாய்க்கால் கோடு, வரம்பு, வக்கடை, எருமை. எருமை நன்றாக வந்தது. துரை அந்தத் தாளில் அன்றைய திகதியைப் போட்டு, மடித்து, பைக்குள் வைத்தார். கண்டாவளை எருமை ஒன்று இப்போது இங்கிலாந்து அரசாங்கத்தின் இரகசியக் கோப்புக்குள் படுத்திருக்கிறது. அதை எழுப்ப ஒருவராலும் முடியாது.

போகும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க தம்பி அவ்வளவு அவமானப்பட்ட பிறகும் மறுபடி அப்படிச் செய்வாரான்னு கேக்கிறார்மா."

"தண்ணி வத்தினாச் செய்வான்," என்றேன். "அவன் மட்டுமில்லை. பயிர் காயுறதைப் பாத்துக்கொண்டு நிண்டால் நானும் செய்வன். அவரும் செய்வார் எண்டு சொல்லும்."

அதை அவர் மொழிபெயர்த்தாரோ, விழுங்கினாரோ தெரியாது. துரை என்னிடம் குனிந்து குடையை வாங்கிக்கொண்டு போனார்.

தவமணி உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் சொன்னன்," என்றேன். "படலையில செருகினதும் சொன்னன். குட்டை வெட்டினதும் சொன்னன். நீயும் அந்த மெஷினுக்குள்ள ஒரு குட்டை வெட்டினால் என்ன?"

"மேல குட்டை வெட்ட இடமில்லை அம்மா," என்று சொல்லிவிட்டு, நனைந்த கோட்டோடு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

6

தை பிறந்த பிறகு கம்பனியிலிருந்து பதில் வந்தது. தவமணி வேலைக்குத் திரும்பலாம். அவள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கட்டளை. கணக்கில் உள்ள ஆட்களின் பெயரெல்லாம் எடுத்துவிட்டு இலக்கம் போட வேண்டும். வீட்டில் அந்த வேலையைப் பற்றி எந்த விதமாகவும் கதைக்கக் கூடாது. துரை கெட்டிக்காரர். நாங்கள் வாய்க்காலில் கதைப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"எருமையைப் பற்றியும் கதைக்கக் கூடாதோ?" என்று கேட்டேன்.

"கூடாது அம்மா."

பிழையாகக் குத்திய அட்டைகளும் இப்போது வருவதில்லை. சாமான் எழுதக் கடையில் தாள் வாங்குகிறோம்.

நடந்ததையெல்லாம் செல்லத்துரைக்கு எழுதினேன். உன்னைத் துரைக்கு முன்னால் கள்ளனாக்கிவிட்டேன், வேறு வழி இருக்கவில்லை என்று எழுதினேன். அவன் என்னோடு கதையாமல் விட்டாலும் நியாயம் என்று நினைத்தேன். போன கிழமை அவன் பதில் வந்தது. வசந்தி வாசித்துச் சொன்னாள். வசந்தி என் மூத்த மகனின் மகள். தாதி வேலை பழக இங்கே வந்திருக்கிறாள். லீவு கிடைத்தால் எங்களிடம் வருவாள்.

"அக்கா," என்று எழுதியிருந்தான், "எருமையை விட்டது நான். அதுக்கு ஊர் முழுக்கச் சாட்சி. நீங்கள் சொன்னதில எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. ஆனா என்ர பேரை எடுத்துப்போட்டு இலக்கம் போட ஆர் அவையளுக்கு அனுமதி குடுத்தது? நாளைக்கு எவனாவது வந்து அந்த மூளை தன்னுடையது எண்டு சொல்லுவான். தவமணியை விட்டுக்குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

வாசித்துக்கொண்டிருந்த வசந்திக்குச் சிரிப்பில் மூச்சு அடைத்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவனைச் சின்ன வயதில் இன்னும் ரெண்டு போட்டு வளர்த்திருக்கலாம்.

தவமணியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தாள். ஆனால் இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

7

இப்போது அவள் வேலையால் வருவாள். சப்பாத்தைக் கழற்றுவாள். நான் தேத்தண்ணி கொடுப்பேன். கேள்வி என் வாய் வரைக்கும் வந்து நிற்கும். அவளுக்கும் அது தெரியும். என் கண்ணைப் பார்க்காமல் ரவியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி இங்கிலீசில் கேட்பாள்.

வேலை அவளிடம் இருக்கிறது. அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம். ஆனால் எங்கோ பாலைவனத்தில், சின்ன செற்றை முதுகில் காவிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கப் போகிறான். அவன் கதை மேலே போய்ச் சேருமா, பெரிய கப்பல்காரன் மறித்துவிடுவானா? அந்த மெஷினுக்குள் அது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. எழுபத்தொரு வயதில் ஒரு சங்கதி இப்படி என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான் இங்கே எழுதியதில் எருமையைத் தவிர வேறு இரகசியம் இல்லை. ஆனாலும் ஒரு வரியை எழுதி வைக்கிறேன். அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது:

அன்னம்மாவுக்கு இன்னும் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

வசந்தி, பொரித்தது போதும் மோனை, கையைத் துடைத்துக்கொண்டு வா. தவமணி அத்தை முன்னறையில் இருக்கிறாள். அங்கே வந்திருந்து இதை முதலிலிருந்து பெலத்து வாசி. மேலே உள்ள அந்த வரி வரும்போது மட்டும் ஆறுதலாக வாசி. நீ எழுத்தைப் பார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.